நடுக்கதவு இல்லாத வீடு

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு நாளுக்கு வந்து, இந்த அஞ்சலி மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், அம்மாவிடம் வாடிக்கையாகச் சாமான் வாங்கிய சகோதரிகள் அனைவருக்கும் மூத்த மகளின் வணக்கம்.

அம்மாவின் நற்குணங்களை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி தம்பி கேட்டான். எழுதிப் பார்த்தேன். அன்பானவர், பொறுமையானவர், கடும் உழைப்பாளி என்று வந்தது. அது யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும். அம்மாவுக்கே படித்துக் காட்டியிருந்தால், "இதையே எதிர்வீட்டு மாமிக்கும் போட்டுக்கலாமே" என்று சிரித்திருப்பார். கிழித்துப் போட்டுவிட்டேன். தவிரவும் அம்மா பொறுமையானவர் இல்லை, நானும் இல்லை. பல வருடங்களாக எனக்கு அம்மா மீது ஒரு கோபம் இருந்தது. கோபம் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும், காரணம் தெரியாது. அதைச் சொல்லாமல் என்னால் அம்மாவைப் பற்றி எழுத முடியவில்லை.

அம்மா பிறந்தது திருவெள்ளறையில், விவசாயக் குடும்பத்தில், ஐந்து பிள்ளைகளில் நான்காவதாக. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தார். பேச்சுப் போட்டி என்றால் பள்ளியில் அம்மா பெயரைத்தான் முதலில் எழுதுவார்களாம். பரிசாகக் கிடைத்தவை எல்லாம் எவர்சில்வர் டம்ளர்கள். அம்மாவின் பெயர் வெட்டிய அந்த டம்ளர்களில்தான் நாங்கள் பால் குடித்து வளர்ந்தோம். இருபது வயதில் எடமலைப்பட்டி புதூரில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அப்பாவுக்கு மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நான் பிறந்து ஏழு வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். அவனுக்கு இரண்டு வயது ஆகும்போது ஸ்ரீரங்கத்துக்கு வாடகைக்கு வந்தோம்.

அந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு நினைவிருக்கும். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. தெருப் பக்கம் ஹால், அதைத் தாண்டி ஒரு நடுக்கதவு, பிறகு ஓர் அறை, சமையலறை, கடைசியில் கொல்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் ஒரு சந்து, அது சுற்றிக்கொண்டு மறுபடி தெருவுக்கே வரும்.

இங்கே வந்த மறு வருடம் அம்மா வியாபாரம் ஆரம்பித்தார். கடையில் கிடைக்காத சாமான்கள் அவை. சமையலறை டப்பாக்கள், பாத்திரம் தேய்க்கும் திரவம், தரை துடைக்கும் திரவம். அவற்றைத் தயாரிக்கும் கம்பெனி நேரே பெண்களிடம் கொடுக்கும், அவர்கள் தெரிந்தவர்களை வீட்டுக்கு அழைத்து, செய்து காட்டி விற்க வேண்டும். அதற்கு டெமோ என்று பெயர். அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஆரம்பித்ததாக அம்மா எல்லோரிடமும் சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் என்னிடம் ஒரு முறை, "பத்துப் பேர் வாயைத் திறக்காம உக்காந்து நான் பேசறதைக் கேக்கறாங்கடீ. கல்யாணம் ஆனதுக்கு அப்புறம் என் பேச்சை யாரு அப்படிக் கேட்டாங்க?" என்றார். அதுதான் உண்மை என்று அப்போதே எனக்குப் பட்டது.

டெமோ மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கும். ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர், பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய தோசைக்கல். அம்மா ஒரு மூடி திரவத்தைத் தண்ணீரில் விட்டு, கல்லை முக்கி எடுத்து, ஒரே இழுப்பில் துடைப்பார். கல் பளிச்சென்று வரும் அந்த நிமிடத்தில்தான் ஆர்டர் விழும். அதற்கு முன்னால் யாராவது குறுக்கே பேசிவிட்டால் போச்சு.

குறுக்கே பேசியது நான்தான். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிவிட்டு வந்தவள், நேரே ஹாலுக்குள் நுழைந்து, கையில் பாட்டிலோடு நின்ற அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நம்ம வீட்ல இதைப் போட மாட்டியே, தேங்காநார் வச்சுத்தானே தேய்ப்பே?" என்று கேட்டுவிட்டேன். ஹாலில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. எல்லோரும் போன பிறகு அம்மா என்னை அடிக்கவில்லை. கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டு, கொடியிலிருந்து நீலக் கட்டம் போட்ட துண்டு ஒன்றை உருவினார். அதை நடுக்கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளில் முடிந்தார்.

"இந்தத் துண்டு தொங்கினா இந்த வீட்ல பிள்ளைங்களே இல்லைன்னு அர்த்தம். கதவைத் தொறக்கக் கூடாது. அம்மான்னு கூப்பிடக் கூடாது. தம்பியைப் பாத்துக்க. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக அதை ஒரு நாளும் மீறவில்லை. டெமோ நாட்களில் கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்து, நடுக்கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். தம்பிக்கு வாயில் விரலை வைத்துக் காட்டினால் போதும், அவனும் குசுகுசுவென்றுதான் பேசுவான். நல்ல பிள்ளைகள் என்று பெயர் வாங்கினோம்.

அந்த நாள் பங்குனி மாதத்தில் வந்தது. மதுரையிலிருந்து கம்பெனியின் சீனியர் அக்கா ஒருவர் அம்மாவின் டெமோவைப் பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் அம்மாவுக்கு அடுத்த லெவல் கிடைக்கும், ஆண்டு விழா மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மா நான்கு நாளாக அந்தப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். தரை துடைக்கும் திரவம் நல்ல ரோஜா நிறத்தில் இருக்கும். கம்பெனி கேனில் இருந்தால் நிறம் தெரியாது என்று, அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, கழுவி வைத்திருந்த பழைய ரோஸ் சிரப் பாட்டில் இரண்டில் அம்மா ஊற்றினார். ஒன்று ஹாலுக்குப் போயிற்று. கூட்டம் வர ஆரம்பித்த அவசரத்தில் மற்றொன்று சமையல் மேடையிலேயே நின்றுவிட்டது.

நான் அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். இருமல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தம்பி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் பாட்டில். சட்டையெல்லாம் ரோஜா நிறம், வாயோரம் நுரை. நான்கு வயதுப் பிள்ளை, அப்போதும் குசுகுசுவென்று, "கசக்குது" என்றான்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்ததைவிட அதிகமாக நுரை வந்தது. சர்க்கரை கொடுத்தேன். இருமினான். இருமி இருமி உதடு ஒரு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் நடுக்கதவின் முன்னால் நின்றேன். துண்டு தொங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. "ஒரே ஒரு மூடி போதுங்க. இப்ப பாருங்க." தோசைக்கல்லைக் கையில் எடுத்துவிட்டார் என்று தெரிந்தது. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். தெரியவில்லை. சமையலறைக்கு ஓடினேன், திரும்பக் கதவுக்கு ஓடினேன், மறுபடி சமையலறைக்கு. மூன்றாவது முறை போனபோது தம்பி சுவரில் சாய்ந்திருந்தான், இருமவும் இல்லை. கதவைத் திறக்கக் கூடாது. அம்மா என்று கூப்பிடக் கூடாது. பதினோரு வயது மண்டையில் அந்த இரண்டைத் தவிர வேறு ஒன்றும் ஓடவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, செருப்பில்லாமல் சந்து முழுக்க ஓடி, தெருவுக்கு வந்து, வாசல் வழியாக ஹாலுக்குள் நுழைந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தோசைக்கல்லோடு நின்றார்.

"அக்கா" என்றேன். வாடிக்கையாளர்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அக்கா, உள்ள ஒரு பையன் நுரை நுரையாத் துப்பறான்."

தோசைக்கல் விழுந்து கண்ணாடிப் பாத்திரம் நொறுங்கியது. அம்மா நடுக்கதவைத் திறக்கவில்லை, அதன் மேல் போய் மோதினார். தாழ்ப்பாள் உள்பக்கம் தெறித்தது.

தம்பியை அள்ளிக்கொண்டு அம்மா வெளியே வந்தபோது ஆளாளுக்குக் கத்தினார்கள். "உப்புத்தண்ணி குடுங்க, வாந்தி எடுக்கட்டும்" என்று ஒருவர் டம்ளரோடு வந்தார். எதிர்வீட்டு மாமி அந்த டம்ளரைத் தட்டிவிட்டார். இலவசமாக ஒரு டப்பா கிடைக்கும் என்பதற்காகவே டெமோவுக்கு வருகிறவர் என்று நாங்கள் கேலி செய்த மாமி. "ஒண்ணும் குடுக்கப்படாது! எதைக் குடிச்சான்னு டாக்டர் கேப்பார், அந்தப் பாட்டிலை எடுடீ" என்று என்னை விரட்டினார். நான் பாட்டிலை எடுத்து வருவதற்குள் தெருமுனை ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். சீனியர் அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க சிஸ்டர், டெமோவை நான் முடிச்சுடறேன்" என்றார்.

தில்லை நகரில் குழந்தைகள் டாக்டர். நடுவில் காவிரிப் பாலம். பாலத்தின் பாதியில் வண்டிகள் அசையாமல் நின்றன. அம்மா மடியில் தம்பி, நடுவில் நான், ஓரத்தில் பாட்டிலோடு மாமி. தம்பியின் மூச்சு கீச்சுக் கீச்சென்று கேட்டது. அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "கத்துடா கண்ணா, சத்தமா கத்து" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் கத்தவில்லை. ஆட்டோக்காரர் இறங்கி, முன்னால் நின்ற லாரியின் கதவைத் தட்டி, பஸ் டிரைவரிடம் கும்பிட்டு, எப்படியோ ஒரு இடுக்கு உண்டாக்கினார். அந்த இடுக்கில் ஆட்டோ நுழைந்தபோது மாமி பெருமாளைக் கூப்பிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

திரவம் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். வாந்தி எடுக்க வைக்காததும், பாட்டிலைக் கொண்டுவந்ததும் நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். மூன்றாம் நாள் காலை தம்பி கண் திறந்து அம்மாவைப் பார்த்து, குசுகுசுவென்று, "துண்டு எடுத்தாச்சா?" என்று கேட்டான். அம்மா அழுததை நான் பார்த்தது அன்றுதான். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். "இனிமே எந்தக் கதவா இருந்தாலும் தட்டு. யாரு உக்காந்திருந்தாலும் தட்டு. தொறக்கலைன்னா உடைச்சுக்கிட்டு வா."

வேலைக்குப் போயிருந்த ஊரிலிருந்து அப்பா ஓடி வந்தார். எடமலைப்பட்டி புதூரிலிருந்து அத்தையும் வந்தார். அப்பாவின் அக்கா, நியாயமான மனுஷி, ஆனால் அன்றைக்கு யாரும் நியாயமாக இருக்கும் நிலையில் இல்லை. "பெத்த பிள்ளை உள்ள துடிக்குது, நீ வெளிய டப்பா வித்துக்கிட்டு இருந்திருக்கே. இத்தோட மூட்டை கட்டு" என்றார். அம்மா, "தப்பு என்னோடதுதான் அண்ணி" என்று மட்டும் சொன்னார். அப்பா, "எதுக்கு இந்தப் பாடு, விட்டுடேன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். "நீ என்னடீ சொல்றே?" எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "நிறுத்திடும்மா" என்றேன்.

அம்மா நிறுத்தவில்லை.

நான் கோபப்பட்டது அதற்குத்தான். கேட்டுவிட்டு, நான் சொன்னதைத் தள்ளிவிட்டார். சீனியர் அக்கா அன்று பிடித்த ஆர்டர்கள் எல்லாம் அம்மாவின் பெயரில் பதிவாகியிருந்தன. அந்தச் சாமான்களை அம்மாவே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒவ்வொரு வாசலிலும் "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று முழுக்கச் சொல்வார், தன் தப்பையும் சேர்த்து. பை தூக்கிக்கொண்டு கூடவே போன எனக்கு அவமானமாக இருந்தது. நான் நின்றதும் ஓடியதும் தெருவுக்கே தெரிந்தது. வியாபாரம்தான் பெரிது இந்த அம்மாவுக்கு என்று முடிவு கட்டினேன். அந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டே படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமும் செய்துகொண்டேன். சண்டை என்று வந்தால், "உன் தோசைக்கல்லைத் தூக்கிக்கிட்டுப் போ" என்பேன்.

அம்மா என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே தச்சரைக் கூப்பிட்டு நடுக்கதவைக் கழற்றிக் கொல்லைச் சுவரில் சாத்தி வைத்தார். வீட்டுக்காரர் வந்து, "வாடகைக்கு விட்ட வீட்ல கதவைப் பேர்க்கறதாவது?" என்று குதித்தார். காலி செய்யும்போது மாட்டித் தருவதாக அம்மா எழுதியே கொடுத்தார். நீலக் கட்டத் துண்டு கரித்துணியாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு டெமோவையும் ஒரே மாதிரி ஆரம்பித்தார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. நடுவுல வருவாங்க. கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

அப்படியே எழுந்து போவார். தம்பிக்குக் கணக்கு வரவில்லை என்றாலும் போவார், மூக்கு ஒழுகினாலும் போவார். நான் ஒரு நாளும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான். அம்மா கடைசி வரை அடுத்த லெவலுக்குப் போகவில்லை. அவர் சேர்த்துவிட்ட பெண்கள் எல்லாம் மேடை ஏறினார்கள். போன வருடம் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு சகோதரி, "உங்கம்மா பேச்சுக்கு முன்னாடி நாங்க எல்லாம் எம்மாத்திரம்! பாதியில பாதியில எந்திரிச்சுப் போய்டுவாங்க, அதான் மேல வரலை" என்றார். அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

அப்பா காலமான பிறகு அம்மா தில்லை நகரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். வியாபாரத்தை அப்போதுதான் நிறுத்தினார். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க மீட்டிங். ஓர் அறை, அதற்கு ஒரு கதவு. பள்ளிவிட்டு வரும் என் மகள் உள்ளே வந்துவிடாமல் இருக்க, அம்மா அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "அம்மா மீட்டிங்ல இருக்கா, பாட்டிகிட்ட வா" என்ற குரல் உள்ளே கேட்கும். நிம்மதியாக வேலையைப் பார்ப்பேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

அம்மாவுக்கு இருதயம் பலவீனமாக இருந்தது. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை, "முக்கியமான மீட்டிங்மா, ஒரு மணி நேரம் தொந்தரவு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். ஒரு மணி நேரம் என்றது ஒன்றரை மணி ஆயிற்று. வெளியே வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புடவையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. கை நெஞ்சில் இருந்தது. கதவுக்கும் அவருக்கும் இரண்டு அடி.

"எவ்வளவு நேரமாம்மா? ஏன் தட்டல?"

"முக்கியம்னு சொன்னியே."

கத்தினேன். ஆம்புலன்சில் கத்தினேன், ஆஸ்பத்திரிப் படியில் கத்தினேன். அம்மா மேல் கத்துகிறேனா என் மேல் கத்துகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. முன்னாடியே வந்திருந்தாலும் இதே வைத்தியம்தான், இதே நிலைமைதான் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், ஆறுதலுக்குச் சொன்னார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். ஆக்சிஜன் முகமூடியை லேசாக விலக்கிக்கொண்டு, "வாங்க மேடம், மீட்டிங் முடிஞ்சுதா?" என்றார். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் நான் "அக்கா" என்று கூப்பிட்டதற்குப் பதில் அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நீதானேம்மா எந்தக் கதவா இருந்தாலும் தட்டுன்னு சொன்னே?"

"அது உனக்குச் சொன்னது" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ அன்னிக்குச் சந்தெல்லாம் சுத்திக்கிட்டு ஓடி வந்தே. எனக்கு அந்தத் தெம்பு இல்ல, அவ்வளவுதான். இதைப் போட்டு மனசுல வச்சுக்கிட்டுத் திரியாதே" என்றார்.

நான் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தேன். மறுநாள் அம்மாவுக்கு நினைவு இல்லை. நான்காம் நாள் காலை எங்களை விட்டுப் போனார்.

சொல்ல விட்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் முன்னால்தான் அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன், உங்கள் முன்னால்தான் இதையும் சொல்ல வேண்டும். அம்மா, நீ நிறுத்தாமல் இருந்தது சரி. நிறுத்தச் சொன்ன நானும் சரி. உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

உடல்நலமில்லாத நாட்களில் உதவிய டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், காரியம் முடியும் வரை எங்கள் அடுப்பைப் பற்ற வைக்க விடாமல் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், அம்மாவின் டப்பாக்களை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் சகோதரிகளுக்கும், வயதான காலத்திலும் ஆட்டோ பிடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு மாமிக்கும், பாலத்தில் இடுக்கு உண்டாக்கிய, பெயர் கேட்கத் தோன்றாமல் விட்டுவிட்ட அந்த ஆட்டோக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தம்பி நன்றாக இருக்கிறான், உங்களுக்குப் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பவன் அவன்தான். அவனுக்கு இன்றும் ரோஸ்மில்க் என்றால் உயிர். அவனை என்ன செய்வது!

போன மாதம் தச்சரைக் கூப்பிட்டு என் அறைக் கதவைக் கழற்றினேன். "என்ன மேடம், கரையான் அரிச்சிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கதவு இப்போது பால்கனிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மீட்டிங் தொடங்கும்போது, "எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், நடுவில் வருவாள், கூப்பிட்டால் எழுந்து போய்விடுவேன்" என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நாற்காலியை மட்டும் எடுக்கவில்லை, அது அதே இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வாருங்கள். வந்தால் வாசலில் நின்று தயங்க வேண்டாம், நேரே உள்ளே வந்து அதில் உட்காருங்கள். நான் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்து வருவேன்.

மூத்த மகள்